விருந்தாளியின் கேமரா: ஸ்லிம் ஆரன்ஸும் மத்தியதரைக் கடலோர மாளிகைகளும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பிரான்சின் தென்கரையில், ஆந்தீப் முனையில் இருக்கும் ஹோட்டல் து காப்பின் நீச்சல்குளத்தை 1976 ஆகஸ்டில் அமெரிக்க ஒளிப்படக்காரர் ஸ்லிம் ஆரன்ஸ் வண்ணத்தில் எடுத்தார். அந்தப் படம் இன்று உலகின் பல நகரங்களில் வரவேற்பறைச் சுவர்களில் தொங்குகிறது. கடலை ஒட்டிய பாறையைக் குடைந்து கட்டிய குளமும், அதைச் சுற்றி வெயில் காயும் விருந்தினர்களும், அவர்களுக்கு அப்பால் கடலின் நீலமும் அதில் இருக்கின்றன. உடம்பை மறைக்க வேண்டும் என்றோ முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றோ ஒருவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. பெரும்பணக்காரர்களின் ஓய்வு நேரத்தை எடுத்த படங்கள் உலகில் ஏராளம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒருவித விறைப்போ பதற்றமோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஆரன்ஸின் படங்களில் அது இல்லை. அந்தப் பதற்றமின்மை எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, பிற்காலத்தில் அது எப்படி விற்பனைச் சரக்கானது என்பவையே இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்விகள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆரன்ஸின் மிகப் புகழ்பெற்ற படம் மத்தியதரைக் கடலைச் சேர்ந்தது அன்று. 1970-இல் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில், ரிச்சர்ட் நொய்ட்ரா வடிவமைத்த காஃப்மன் இல்லத்துக் குளக்கரையில் இரு பெண்கள் பேசிக்கொண்டிருப்பதைக் காட்டும் படம்தான் அந்தப் பெருமைக்கு உரியது. ஆயினும் அவருடைய பார்வை உருவான நிலம் இத்தாலி. இத்தாலியும் தென்பிரான்சும் ஸ்பெயினும் கிரேக்கமும் அவர் கோடைதோறும் திரும்பிச் சென்ற இடங்கள். ஆகவே ஆய்வை அந்தக் கரைகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போர்முனையும் கடற்கரையும்

ஜார்ஜ் ஆலன் ஆரன்ஸ் 1916 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கில் பிறந்தார். ஆறடி நான்கங்குல உயரமும் ஒல்லியான உடல்வாகும் அவருக்கு ‘ஸ்லிம்’ என்ற பெயரைத் தந்தன. தாம் பெற்றோரை இழந்து நியூ ஹாம்ப்ஷயர் கிராமப்புறத்தில் வளர்ந்தவர் என்றே அவர் எல்லோரிடமும் சொல்லிவந்தார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். 18 வயதில் ராணுவத்தில் சேர்ந்து, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படம் எடுக்கும் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களின் ‘யாங்க்’ இதழுக்காகப் போர்முனைக்குப் போனார். இத்தாலியப் படையெடுப்பைப் பின்தொடர்ந்து எடுத்த அவர், களத்தில் காயமுற்று ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கமும் பெற்றார்.

1944 ஜனவரி 22 அன்று நேசநாட்டுப் படைகள் ஆன்சியோ கடற்கரையில் இறங்கின. அங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரே உள்ள ரோமாபுரியை அடைய ஜூன் 4 வரை ஆனது. இடைப்பட்ட மாதங்களில் அந்தக் கடற்கரை சேறும் பிணமுமாகக் கிடந்தது. டைரீனியக் கடலின் அதே கரையில், ஆன்சியோவிலிருந்து வடக்கே காரில் சில மணி நேரத் தொலைவில் உள்ள போர்த்தோ எர்கோலேவுக்கு, இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழிந்த பின் ஆரன்ஸ் கோடை உல்லாசத்தைப் படமெடுக்கப் போனார். போருக்குப் பின் தரையிறங்கத் தகுந்த கடற்கரை, அழகிய பெண்கள் அமைதியாக வெயில் காயும் கடற்கரை மட்டுமே என்று அவர் சொல்வது வழக்கம். கொரியப் போரைப் படமெடுக்க அழைப்பு வந்தபோதும் இதே பாணியில் கேலியாகப் பேசி மறுத்துவிட்டார். இதைக் கேட்பவர்கள் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கென்னவோ, அவருடைய தொழில்வாழ்க்கையைப் பற்றி அவரே சொன்னவற்றில் மிக நேரான சொல் இதுதான் என்று படுகிறது. பிணங்களைப் பார்த்த கண் இனி அவற்றைப் பார்ப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டது. அந்தத் தீர்மானத்தை அவர் சாகும்வரை தளர்த்தவில்லை.

போர் முடிந்தபின் ‘லைஃப்’ இதழுக்காக ரோமாபுரியில் தங்கி வேலை செய்தார். அமெரிக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்ட குற்றக்கும்பல் தலைவர் லக்கி லூசியானோவையும் படமெடுத்தார். பழைய பிரபுக் குடும்பங்களையும் படமெடுத்தார். அந்த ஆண்டுகளின் பொருளாதாரத்தைக் கணக்கில் எடுக்காமல் இந்தப் படங்களைப் புரிந்துகொள்ள இயலாது. 1949 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு டாலருக்கு 625 லிரா என்ற மதிப்பு ஏறக்குறைய அசையாமல் நின்றது. பட்டமும் மாளிகையும் இருந்து கையில் ரொக்கம் குறைந்துபோன இத்தாலியக் குடும்பங்களும், டாலர் வைத்திருந்து பட்டத்துக்கும் மாளிகைக்கும் ஏங்கிய அமெரிக்கர்களும் ஒரே மேசையில் அமர்ந்த காலம் அது. அமெரிக்க இதழின் சார்பாக வந்த, நன்றாகப் பேசத் தெரிந்த, உயரமான ஓர் ஒளிப்படக்காரர் அந்த மேசையில் இருசாராருக்கும் வேண்டியவராக இருந்தார்.

கோடைக்குரிய கரை உருவான விதம்

மத்தியதரைக் கடலோரம் என்றாலே கோடை விடுமுறை என்று இன்று தோன்றுவது வெகுகாலத்து வழக்கம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பிரபுக்களும் ரஷ்யப் பிரபுக்களும் ரிவியரா எனப்படும் பிரான்சின் தென்கரைக்குக் குளிர்காலத்தில் வந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ஓட்டல்கள் கதவைச் சாத்திக்கொண்டன. 1870-இல் வில்லா சொலெய் என்ற பெயரில் தொடங்கிய ஹோட்டல் து காப்பும் அப்படித்தான் இயங்கியது. 1923-இல் ஜெரால்டு மர்ஃபி, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதியர் அதன் உரிமையாளர் அந்துவான் செல்லாவை வற்புறுத்திக் கோடையிலும் ஒரு பகுதியைத் திறந்து வைக்கச் செய்தார்கள். வெயிலில் தோல் கறுப்பது உழைப்பாளியின் அடையாளம் என்று கருதிய மேட்டுக்குடி, அதை ஓய்வின் அடையாளமாக மாற்றிக்கொண்ட காலமும் அதுவே. ஆகவே 1976-இல் ஆரன்ஸின் சட்டகத்துக்குள் படுத்திருந்தவர்கள் பின்பற்றிய வழக்கத்துக்கு வயது ஐம்பத்து மூன்றுதான்.

சார்டீனியத் தீவின் வடகிழக்குக் கரையின் கதை இன்னும் கூர்மையானது. அந்தத் தீவில் பல நூற்றாண்டுகளாக மலேரியா இருந்தது. 1946 முதல் 1950 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு தீவு முழுவதும் டி.டி.டி. தெளித்துக் கொசுவை ஒடுக்கினார்கள். மேய்ச்சல் நிலமாகவே கிடந்த, மோந்தி தி மோலா என்று உள்ளூரார் அழைத்துவந்த கரைப்பகுதியை, 1962-இல் இஸ்மாயிலி முஸ்லிம்களின் மதத்தலைவர் நான்காம் ஆகா கான் தலைமையில் அமைந்த முதலீட்டுக் குழு வாங்கி ‘கோஸ்டா ஸ்மெரால்டா’, அதாவது மரகதக் கரை, என்று பெயரிட்டது. ஜாக் குவெல், லூயிஜி வியெத்தி, மிக்கேலே புசிரி வீச்சி ஆகிய கட்டடக் கலைஞர்கள் அழைக்கப்பட்டார்கள். கட்டடத்தின் உயரத்துக்கும் சுவரின் நிறத்துக்கும் கூட விதிகள் வகுக்கப்பட்டன. பாறையோடு பாறையாக, காலங்காலமாக அங்கேயே இருந்ததுபோல் தோன்றும் அந்த வளைந்த வெண்சுவர்கள், உண்மையில் வரைபலகையில் பிறந்தவை. ஆரன்ஸ் அங்கே படமெடுத்தபோது அவற்றின் சுண்ணாம்பு காய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆனால் அவருடைய சட்டகத்துக்குள் அவை தொன்மை பூண்டு நிற்கின்றன.

ஸ்பெயினின் தென்கரையில் இளவரசர் அல்ஃபோன்சோ ஹோயன்லோஹே 1954-இல் மார்பெல்லா கிளப்பைத் திறந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். டஸ்கனியின் போர்த்தோ எர்கோலேயில் 1965-இல் திறந்த இல் பெல்லிகானோவோ, ஒரு காதல் தம்பதியின் வீடுபோலவே தொடங்கியது. ஆங்கிலேயரான மைக்கேல் கிரகாமும் அவருடைய அமெரிக்க மனைவி பட்ரீசியாவும் முதன்முதலில் சந்தித்த கலிஃபோர்னியக் கடல்முனையின் பெயரில் பெலிகன் பறவை இருந்தது. அதையே ஓட்டலுக்கு வைத்தார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும்தான். ஆரன்ஸ் அங்கே மீண்டும் மீண்டும் சென்று எடுத்தார். பாறைத் திண்ணையில் விரித்த மெத்தைகளும் மஞ்சள் குடைகளும் கீழே கரும்பச்சைக் கடலுமாக அவர் எடுத்த அந்தப் படங்கள்தான் பின்னாளில் அந்த ஓட்டலின் முகமாயின.

இவை எல்லாவற்றையும் அமெரிக்க வாசகருக்கு எட்டக்கூடிய ஆசையாக மாற்றியது விமானம். 1958 அக்டோபர் 26 அன்று பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 707 நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் பறந்தது. ஒரு வாரக் கப்பல் பயணம் ஒரு பகலுக்குள் அடங்கியது. ‘ஹாலிடே’, ‘டவுன் அண்ட் கன்ட்ரி’ போன்ற இதழ்கள் ஆரன்ஸை அனுப்பியது அந்த வாசகருக்காகத்தான். ஆரன்ஸும் பருவத்துக்கேற்ப இடம்பெயரும் பறவையைப் போல, தம் படங்களில் உள்ளவர்களின் ஆண்டுச் சுழற்சியையே தம் சுழற்சியாக்கிக்கொண்டார்: குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் பனிச்சரிவும் ஃபுளோரிடாவின் பாம் பீச்சும், கோடையில் மத்தியதரைக் கடலோரம்.

படம் எடுத்த முறை

கவர்ச்சியான மனிதர்கள், கவர்ச்சியான இடங்களில், கவர்ச்சியான காரியங்களைச் செய்வதை எடுப்பதே தம் வேலை என்று ஆரன்ஸ் தம் தொழிலை ஒரே வாக்கியத்தில் அடக்கினார். ஒப்பனைக் கலைஞரையோ உடை தேர்ந்து கொடுப்பவரையோ தாம் கூட்டிச் செல்வதில்லை என்றும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். உடை அவர்களுடையது, வீடு அவர்களுடையது, நாயும் குழந்தையும் அவர்களுடையவை. இந்தக் கூற்றை நாம் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். படமெடுக்கப்பட்டவர்கள் அன்றாட வாழ்வையே தோற்றத்துக்காக ஒழுங்குபடுத்திப் பழகியவர்கள். வாழ்நாள் முழுதும் ஒப்பனையில் இருப்பவருக்கு ஒப்பனைக் கலைஞர் எதற்கு? 1961 ஜூலையில் ஏதென்ஸ் நகரின் ஒரு மாடி வீட்டுக் குளக்கரையில் அவர் எடுத்த படத்தில், பின்னணியில் லைகாபெட்டஸ் குன்று நிற்க, இளம்பெண்கள் ஓவியத்தில் வைத்ததுபோல் அளந்த இடைவெளியில் இருக்கிறார்கள். அது தற்செயலாக நேர்ந்த ஒரு பிற்பகல் என்று யாரும் நம்பப்போவதில்லை.

முறையைப் பொறுத்தவரை அவருக்கு ஒரு ஆசான் உண்டென்றால் அவர் ஃபிராங்க் சாக்கரி. 1950-களில் ‘ஹாலிடே’யின் கலை இயக்குநராகவும், 1972 முதல் ‘டவுன் அண்ட் கன்ட்ரி’யின் ஆசிரியராகவும் இருந்த சாக்கரி, மனிதரை அவர் வாழும் சூழலோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்று தம் ஒளிப்படக்காரர்களிடம் வலியுறுத்தியவர். முகத்தை நெருங்கி எடுத்தால் ஆளின் மனம் தெரியலாம். பின்னால் விலகி எடுத்தால் ஆளின் சொத்து தெரியும். ஆரன்ஸ் விலகி நின்றார். மேல்மாடத்திலிருந்தோ எதிர்க்குன்றிலிருந்தோ மொட்டைமாடியிலிருந்தோ கீழ்நோக்கி எடுத்த அவருடைய படங்களில் மனிதர்கள் சிறியவர்களாகவும் அவர்களைச் சுற்றியுள்ள குளம், படிக்கட்டு, பைன் மரம், கடல், அடிவானம் ஆகியவை பெரியவையாகவும் இருக்கின்றன. இதில் ஒரு விநோதம் உண்டு. நிலக்காட்சியில் மனிதரைப் புள்ளியாக்குவது இயற்கையின் முன் மனிதர் அற்பம் என்று காட்டுவதற்குக் கையாளும் உத்தி. இங்கோ அதே உத்தி நேரெதிர்ப் பொருளைத் தருகிறது: அத்தனை பெரிய இடமும் அந்தச் சின்ன உருவத்துக்குச் சொந்தம்.

ஒளியும் அப்படியே. மத்தியதரைக் கோடையின் உச்சிவெயில் முகத்தில் கண்குழியைக் கருப்பாக்கிவிடும் என்பதால் உருவப்படம் எடுப்பவர்கள் அதை வெறுப்பார்கள். முகம் முக்கியமில்லாத படத்துக்கு அந்த வெயில் வரம். தண்ணீர் நீலமாகவும் வெண்சுவர் கண் கூசும்படியும் குடைத்துணியின் பட்டைகள் கத்தி விளிம்புபோலவும் பதிகின்றன. வெயிலின் கடுமை தெரிகிறது, வியர்வை தெரிவதில்லை.

படக்குறிப்புகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆரன்ஸின் படங்கள் பெரும்பாலும் பெயரோடு வந்தன. இன்ன கோமகள், இன்ன இளவரசர், இன்னாரின் மகள், இன்ன ஊரில் உள்ள இன்ன வீட்டில் என்று பட்டமும் உறவும் இடமும் சேர்ந்த குறிப்பு அது. திருமண அழைப்பிதழில் உற்றார் பெயர்கள் வரிசைப்படி அச்சாவதைப் போல, யார் யாருக்கு என்ன முறை என்பதை அது நிலைநாட்டியது. பெயர் வெளியாவதில் அந்தக் குடும்பங்களுக்கு அன்று அச்சம் இருக்கவில்லை. அதில் மகிழ்ச்சிதான் இருந்தது.

அவரை உள்ளே விட்டதற்கு ஒரே காரணம், அவர் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யமாட்டார் என்ற நம்பிக்கை. 1957 புத்தாண்டு இரவில் பெவர்லி ஹில்ஸின் ரொமானாஃப் உணவகத்தில் கிளார்க் கேபிள், வான் ஹெஃப்லின், கேரி கூப்பர், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நால்வரும் வாய்விட்டுச் சிரிக்கும் படத்தில் அதைக் காணலாம். தெரியாதவர் கேமராவைத் தூக்கியிருந்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றிருக்கும்.

வெளியே நின்றவர்கள்

அதே காலத்தில், அதே இத்தாலியில், அதே மேட்டுக்குடியைக் குறிவைத்து வேறொரு படக்கலையும் வளர்ந்தது. 1958 ஆகஸ்டில் ரோமாபுரியின் வியா வெனெத்தோ தெருவில் தாஸியோ செக்கியாரோலி என்ற இளைஞர், பதவியிழந்த எகிப்திய மன்னர் ஃபரூக் தம்மீது பாய்ந்த காட்சி உள்ளிட்ட படங்களை ஒரே இரவில் எடுத்தார். இத்தகைய ஒளிப்படக்காரர்களை மனத்தில் கொண்டு 1960-இல் வந்த ஒரு திரைப்படத்தின் பாத்திரப் பெயரிலிருந்துதான் ‘பாப்பராஸி’ என்ற சொல் உலக மொழிகளுக்குள் நுழைந்தது. அவர்கள் எடுத்தது இரவு, இவர் எடுத்தது பகல். அவர்களுடையது கருப்பு வெள்ளையில் ஃபிளாஷ் வெளிச்சம், இவருடையது வண்ணத்தில் சூரிய வெளிச்சம். அங்கே கேமராவைத் தள்ளும் கை, இங்கே கோப்பையை நீட்டும் கை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவரும் உண்டு. டப்ளினில் பிறந்து ரிவியராவில் வாழ்ந்த எட்வர்டு க்வின், ஓட்டல்காரர்களின் ஒப்புதலோடும் நட்சத்திரங்களின் பொறுமையோடும் படமெடுத்தவர். 1955 மே மாதம் கிரேஸ் கெல்லி மொனாக்கோ அரண்மனையில் ரெய்னியரை முதன்முறை சந்தித்தபோது உடனிருந்த ஒளிப்படக்காரர்களில் அவரும் ஒருவர்.

செக்கியாரோலியின் படங்கள் உண்மையானவை, ஆரன்ஸின் படங்கள் பொய்யானவை என்று எளிதாகத் தீர்ப்பு எழுதிவிடலாம். அது நியாயமாகாது. துரத்தப்படும் மனிதரின் முகம் துரத்தலைத்தான் காட்டும். அவர் வீட்டில் எப்படி இருப்பார் என்பதை அது காட்டாது. ஒரு வர்க்கம் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்ள விரும்பியது என்பதற்கு ஆரன்ஸின் படங்களைவிடத் துல்லியமான ஆவணம் கிடைப்பது அரிது. கேட்க வேண்டிய கேள்வி, சட்டகத்தின் விளிம்பு எங்கே வெட்டப்பட்டது என்பதே. 1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பற்றி 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் பிழைப்புத் தேடிப் போன இத்தாலியர்கள். மாளிகைகளின் குளக்கரைப் பருவமும் அதே ஆகஸ்ட்தான். மேசைகளுக்குப் பரிமாறியவர்களும், தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டவர்களும், காலையில் குளத்தைத் துப்புரவு செய்தவர்களும் படங்களில் எப்போதாவது வெள்ளைச் சீருடையோடு ஓரத்தில் தென்படுகிறார்கள். படக்குறிப்பில் அவர்களுக்குப் பெயர் இருப்பதில்லை.

1974: தவறான நேரத்தில் வந்த புத்தகம்

ஆரன்ஸின் முதல் தொகுப்பான ‘எ வொண்டர்ஃபுல் டைம்’ 1974-இல் நியூயார்க்கில் வெளியானது. அது விற்கவில்லை. பின்னாளில் பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி வாங்கப்படும் அரும்பொருளாகி, வடிவமைப்பாளர்களின் மேசையில் மேற்கோள் நூல்போல் கிடந்த அதே புத்தகம், பிறந்தபோது சீந்துவாரற்றுக் கிடந்தது. 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியும், அதைத் தொடர்ந்த மந்தநிலையும், வாட்டர்கேட் அரசியல் ஊழலும், வியட்நாம் போரும் சேர்ந்த அமெரிக்காவில், பணக்காரர்களின் குளக்கரையைப் பார்த்து மயங்க யாருக்கும் மனமில்லை என்பது ஒரு விளக்கம். அது சரிதான், ஆனால் மத்தியதரைக் கரையிலிருந்து பார்த்தால் இன்னொரு விளக்கமும் தெரிகிறது.

1973 ஜூலை 10 அதிகாலையில் ரோமாபுரியில் மூன்றாம் ஜான் பால் கெட்டி என்ற பதினாறு வயது இளைஞர் கடத்தப்பட்டார். உலகின் பெரும்பணக்காரர்களில் ஒருவரான எண்ணெய் அதிபர் ஜே. பால் கெட்டியின் பேரன் அவர். தாத்தா முதலில் பணம் தர மறுத்தார். நவம்பரில் இளைஞரின் அறுத்தெடுத்த காது ரோமாபுரி நாளிதழ் ஒன்றுக்குத் தபாலில் வந்தது. டிசம்பரில்தான் அவர் விடுவிக்கப்பட்டார். அந்தப் பத்தாண்டில் இத்தாலியில் பணத்துக்காக ஆள்கடத்தல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. சார்டீனியாவில், மரகதக் கரையை உள்ளடக்கிய அதே கல்லூரா வட்டாரத்தில், 1979 ஆகஸ்ட் 27 அன்று பாடகர் ஃபப்ரிஸியோ தெ ஆந்த்ரேயும் அவருடைய துணைவி தோரி கெஸ்ஸியும் கடத்தப்பட்டு டிசம்பர் வரை மலைக்காட்டில் அடைத்து வைக்கப்பட்டார்கள். கடைசியில் 1991-இல், கடத்தப்பட்டவரின் குடும்பச் சொத்துகளை முடக்கிப் பிணைப்பணம் செலுத்த இயலாதபடி செய்யும் சட்டத்தையே இத்தாலி இயற்ற வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில் ஆரன்ஸின் படக்குறிப்பை மறுபடி படித்துப் பாருங்கள். குடும்பத்தின் பெயர், வாரிசுகளின் பெயர், வீடு இருக்கும் ஊர், அவர்கள் அங்கே இருக்கும் மாதம், வீட்டுக்கும் கடலுக்கும் இடையே உள்ள படிக்கட்டு எல்லாம் வண்ணத்தில், தெளிவாக, ஒரே பக்கத்தில். பெருமைக்காக அச்சிட்ட அதே செய்தி இப்போது தீயவர் கையில் கிடைக்கக்கூடிய தகவலாகத் தோன்றத் தொடங்கியது. செல்வந்தர்கள் சிறிய ஃபியட் காருக்கு மாறி, நகையைப் பெட்டகத்தில் பூட்டி, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஆண்டுகள் அவை. பெயர் சொல்லி வீட்டைத் திறந்து காட்டுவது என்ற வழக்கத்தின் அடித்தளமே அப்போது ஆட்டம் கண்டது. ஆரன்ஸ் அதற்குப் பிறகும் மத்தியதரைக் கரையில் எடுத்தார். நாம் தொடங்கிய ஆந்தீப் படமே அதற்குப் பிந்தையது. ஆனால் அந்தப் படத்தைக் கவனித்தால், அது ஒரு தனி வீடன்று, ஓட்டல். அதில் இருப்பவர்கள் பெயர் தெரியாத விருந்தினர்கள். பெயர் இல்லாத அந்தப் படமும் பிற்காலத்தில் பெரிதாக விற்றது என்பதை இங்கே குறித்து வைக்கலாம்.

கைமாறிய காப்பகம்

1997-இல் ஆரன்ஸ் தம் படக்காப்பகம் முழுவதையும் விற்றார். நியூயார்க் மாநிலத்தில் இருந்த அவருடைய வீட்டுக்கே வந்து அதை வாங்கியவர், இன்றைய கெட்டி இமேஜஸ் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான மார்க் கெட்டி. மார்க் 1960-இல் ரோமாபுரியில் பிறந்தவர். கடத்தப்பட்ட அந்த இளைஞரின் தம்பி. அண்ணன் கடத்தப்பட்டபோது அவருக்கு வயது பதின்மூன்று. இத்தாலியப் பணக்காரர்களின் திறந்த வீடுகள் எந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த துயரத்தோடு மூடத் தொடங்கினவோ, அந்தக் குடும்பத்தின் கைக்கே அந்தத் திறந்த வீடுகளின் படங்கள் வந்து சேர்ந்தன. இதில் யாரும் எதையும் திட்டமிட்டதாக நான் சொல்லவில்லை. காப்பகங்களின் வரலாற்றில் இப்படிப்பட்ட வட்டங்கள் அரிதாகவே முழுமையடைகின்றன.

அதற்கு முந்தைய ஆண்டில் லண்டனின் ஹல்ட்டன் படக்காப்பகத்தையும் அந்த நிறுவனமே வாங்கியிருந்தது. இதழ்ப் பக்கத்துக்காக எடுத்த கலர் ஸ்லைடுகள் அங்கே வரிசைப்படுத்தப்பட்டு, 150 பிரதி என்ற வரம்போடு பெரிய அளவில் அச்சிடப்பட்டுச் சுவர்ப்படமாக விலைபோகத் தொடங்கின. 2003, 2005, 2007 என்று தொகுப்புகள் அடுத்தடுத்து வந்தன. இந்தக் கைமாற்றத்தில் படத்தின் பொருளே மாறியது. இதழில் அது இன்னார் இன்ன இடத்தில் இருந்தார் என்ற செய்தி. சுவரில் அது நிறமும் வெயிலும் மட்டும். கோமகளின் பெயரைப் படம் வாங்குபவர் கேட்பதுமில்லை, விற்பவர் வற்புறுத்துவதுமில்லை. ஓட்டல்களும் ஆடை நிறுவனங்களும் அந்த நிறங்களை அப்படியே பின்பற்றி விளம்பரப் படங்கள் எடுக்கின்றன. ஒருவகையில், வரைபலகையில் பிறந்து தொன்மை பூண்ட மரகதக் கரைச் சுவர்களுக்கு நேர்ந்ததே இந்தப் படங்களுக்கும் நேர்ந்திருக்கிறது.

படக்குறிப்பு இல்லாத ஒருவர்

ஆரன்ஸ் 2006 மே 30 அன்று, 89 வயதில் இறந்தார். பத்தாண்டுகள் கழித்து, 2016-இல் வெளியான ஓர் ஆவணப்படத்துக்காகத் தேடியபோதுதான் நியூ ஹாம்ப்ஷயர் கதை கலைந்தது. அவர் நியூயார்க்கில் இத்திஷ் மொழி பேசிய, யூதக் குடியேறிகளின் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தாய் மனநல விடுதியில் அடைக்கப்பட்டார். தந்தை பிள்ளையைக் கைவிட்டார். இதை அவர் தம் மனைவியிடமும் மகளிடமும் கூடச் சொன்னதில்லை. அவர் நுழைந்த வீடுகளும் கிளப்புகளும் பலவற்றில், அதிலும் அமெரிக்கக் கிழக்குக் கரையில், யூதர்களுக்கு அந்நாளில் வாசல் திறக்காது என்பதை நினைத்தால் அந்த மௌனத்தின் காரணத்தை ஊகிக்கலாம். முழுக் காரணமும் அதுதானா என்பது வேறு.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்றும், புதிதாய் வந்தவர் என்றும் பொருள். எங்கிருந்து வருகிறார் என்று தெரியாமலே வாசலில் ஏற்றுக்கொள்ளப்படுபவரே விருந்தினர். ஆரன்ஸ் அந்தப் பழைய பொருளில்தான் விருந்தினராக இருந்திருக்கிறார் என்பது இப்போது தெரிகிறது. குழந்தைப் பருவத்தில் ஒரு வீடே நிலையாக வாய்க்காதவர், உலகின் மிகச் சிறந்த வீடுகளின் வாசல்களைக் கடந்து, அங்கே இருப்பவர்களை அவர்களுடைய தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் பிசகாமல் குறித்துக்கொண்டு, ஐம்பது ஆண்டுகள் நடமாடியிருக்கிறார். அவர் விட்டுச்சென்ற காப்பகத்தில் ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கு அத்தகைய குறிப்பு இருக்கிறது. அவர்கள் இன்னாரின் மகனும் மகளுமாக, இன்ன ஊராராக, இன்ன வீட்டாராக அதில் பதிவாகியிருக்கிறார்கள். அதை எழுதிவைத்தவரைப் பற்றிய அதேபோன்ற குறிப்பை, அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின் வேறொருவர் தேடி எழுத வேண்டியிருந்தது.